முதுகில் பை வைத்த ரவிக்கை

என் பெட்டியின் அடியில் ஒரு ரவிக்கை இருக்கிறது. வெளிர்நீலத்தில் மெல்லிய வாயில் துணி. கழுத்துக்குக் கீழே, இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில், மூடியும் பொத்தானும் வைத்த ஒரு பை. அதற்குள் ஒரு ரப்பர் பந்து, இப்போது கல்லாகிவிட்டது. துணியடுக்கும்போது என் மகள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, முதுகுல பை வச்சா காசை யாரு எடுக்குறது?" என்று கேட்டாள். காசு வைக்கத் தைத்த பை இல்லை அது. ஒருத்தியின் மூளையைக் காப்பாற்றத் தைத்தது. சொன்னால் சிரிப்பாள் என்று அப்போது சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன், நீங்களும் சிரிக்கலாம்.

எண்பதுகளின் தொடக்கத்தில், அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் இடைப்பட்ட ஒரு சின்ன ஊரில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். எக்ஸ்சேஞ்ச் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டுக் கட்டடத்தில் ஓர் அறை, சுவரை அடைத்துக்கொண்டு ஒரு போர்டு, அதன் முன்னால் இரண்டு நாற்காலி. ஊரில் யாராவது போனின் கைப்பிடியைச் சுற்றினால் போர்டில் அவர் எண்ணுக்கு நேரே ஒரு சின்னத் தகடு விழும். நாங்கள் ஒயரைச் சொருகி "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்டு, மறுமுனையை அவர் கேட்ட இடத்தில் சொருகுவோம். முதல் நாற்காலி எனக்கு மூத்த ஆபரேட்டருடையது, ஊரே அவரை அக்கா என்றுதான் கூப்பிடும். அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்ததை ஊர் பார்த்ததில்லை.

அக்காவுக்கு எண்களெல்லாம் மனப்பாடம், குரல்களும் அப்படியே. "அக்கா, டாக்டர் வூட்டுக்குப் போடுங்க" என்று யாராவது கேட்டால், "அவரு இப்பதான் குரும்பலூர் கெளம்புனாரு, சாயங்காலம் போடுங்க. பிள்ளைக்கு இன்னும் காய்ச்சல் விடலியா?" என்று பதில் வரும். போர்டைப் பார்க்காமல், என்னோடு வம்பு பேசிக்கொண்டே, இரண்டு கையிலும் ஒயரை மாற்றி மாற்றிச் சொருகுவார். எனக்கோ எந்தத் தகடு விழுந்தது என்று கண்டுபிடிப்பதற்குள் வியர்த்துவிடும். அவரைப் பார்த்து நான் பட்ட பொறாமைக்கு அளவே இல்லை.

ஒரு மழைக்காலத்தில் அக்காவுக்குச் சளி பிடித்தது. சளி போனது, மூக்கடைப்பு போகவில்லை. தொண்டை கட்டிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நாளில் அக்கா காலையில் வரும்போதே தலைவலி என்பார். சட்சட்டென்று எரிந்து விழுவார். ஒயரைக் கையில் பிடித்தபடியே கண் சொக்கும். ஒருநாள் சிமெண்ட் கடைக்காரர் ரெட்டிபாளையத்து லாரி ஏஜெண்டைக் கேட்டார். அக்கா அவரை உள்ளூர் முந்திரி வியாபாரிக்குச் சொருகிவிட்டார். வியாபாரி, தன் மகளுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளையின் அப்பா, ஜெயங்கொண்டத்துச் சம்பந்தி, கூப்பிடுவார் என்று போன் பக்கத்திலேயே காத்திருந்தவர்.

"சரக்கு எப்ப வரும்?" என்று கடைக்காரர் அதட்டினார். சம்பந்திதான் சீர்வரிசையைக் கேட்கிறார் என்று நினைத்து, "வெள்ளிக்கிழமை வந்துடும்ங்க" என்றார் வியாபாரி பணிவாக. "ரெண்டு லாரிக்குக் கொறையாம வரணும், சொல்லிட்டேன்!" என்று கடைக்காரர் போனை வைத்துவிட்டார். வியாபாரி அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஜெயங்கொண்டம் போய், பொண்ணைப் பெத்தவன்கிட்ட லாரி லாரியா சீர் கேக்குறீங்களே என்று நடுவீட்டில் நின்று கத்தியிருக்கிறார். வெலவெலத்துப் போன சம்பந்தி வீட்டார், எங்களுக்குச் சீரே வேண்டாம் என்று எல்லார் முன்னாலும் சத்தியம் செய்துவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் வியாபாரி சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது. எங்கள் இருவருக்கும் கல்யாணப் பத்திரிகையை நேரில் கொண்டுவந்து வைத்தார்.

நாங்களும் சிரித்தோம். ஆனால் காரணம் தேடாமல் இருக்க முடியுமா? காதில் மாட்டுகிற ஹெட்செட்டின் கரண்டு மூளையை உறிஞ்சுகிறது என்பது ஆபரேட்டர்களுக்குள் இருந்த நம்பிக்கை. அதனால் அக்கா உச்சந்தலை வழிய விளக்கெண்ணெய் வைத்துக் குளிர்ந்த தண்ணீரில் முழுகினார். மூக்கு இன்னும் அடைத்தது. எனக்கும் பயம் வந்து, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வேலை பார்த்து, எல்லாரையும் மூன்று முறை நம்பர் சொல்ல வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். தூக்கம் போதவில்லையோ என்ற சந்தேகம் மட்டும் யாருக்கும் வரவில்லை. அக்காவின் குறட்டை அவ்வளவு பிரசித்தம். கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்த அவர் கணவரை நான் டெய்லர் மாமா என்பேன். "உங்கக்கா கொடுத்து வச்சவ. தலை சாஞ்சா போதும், மில்லு ஓட ஆரம்பிச்சிடும்" என்று பெருமையாகச் சொல்வார். குறட்டை விட்டால் ஆழ்ந்த தூக்கம் என்று ஊரே நம்பியது.

அப்புறம்தான் சிரிப்பு நின்றது. ஓர் அம்மா பதற்றமாகக் கூப்பிட்டார். "டாக்டருக்குப் போடு தாயி, மருமவளுக்கு வலி எடுத்துடுச்சு." அக்கா ஒயரைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. எந்த எண் என்று அவருக்கு வரவில்லை. போர்டை முதல் முறை பார்க்கிறவர் மாதிரி மேலும் கீழும் பார்த்தார். நான் எட்டிச் சொருகினேன். டாக்டர் போய்ச் சேர்ந்தார், பிள்ளையும் நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் அந்த நேரம் எங்கள் சூப்பர்வைசர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா போர்டை விட்டு எடுத்துடுவேம்மா. பின்னாடி ரூம்ல உக்காந்து பழைய பேப்பரை அடுக்குங்க" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அக்கா தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் போய் அழுதார். "வேலை போனாக்கூடப் பரவால்லடி. என் மூளை கெட்டுப் போச்சு. நாளைக்கு எம் புள்ள பேரே மறந்து போனா என்ன பண்ணுவேன்?" "நீங்க செத்த நேரம் தூங்குங்கக்கா, போர்டை நான் பாத்துக்குறேன்" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு முறைத்தார். "எம் போர்டை எவளும் பாக்க வேணாம்." அந்த ரோஷத்தைப் பார்த்தபோதுதான் அவர் இன்னும் அவராகவே இருக்கிறார் என்று எனக்குத் தைரியம் வந்தது.

முந்திரி வியாபாரியின் மகள் கல்யாணம் ஜெயங்கொண்டத்தில் நடந்தது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பெண்களெல்லாம் மண்டபத்து மாடியில் பாய் விரித்துப் படுத்தோம். அக்கா மல்லாந்து படுத்த மாத்திரத்தில் மில் ஓடத் தொடங்கியது. மண்டபத்துப் பிள்ளைகள் ஓடிவந்து சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். குறட்டை ஏறும், ஏறும், பிறகு பட்டென்று நின்றுவிடும். அது நிற்கிறபோதெல்லாம் பிள்ளைகள் தங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். யார் அதிக நேரம் மூச்சை அடக்குவது என்று அக்காவோடு போட்டி! ஒவ்வொன்றாக முகம் சிவந்து, புஸ்ஸென்று மூச்சை விட்டுத் தோற்றன. கடைசிப் பொடியனும் தோற்ற பிறகும் அக்காவுக்கு மூச்சு வரவில்லை. சிரித்துச் சிரித்து வயிறு வலித்துக்கொண்டிருந்த நான் சட்டென்று எழுந்து உட்கார்ந்தேன். அக்காவின் நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது, ஆனால் காற்று உள்ளே போகவில்லை. பிறகு ஒரு பெரிய உறுமலோடு உடம்பு குலுங்கி, அரைக்கண் திறந்து, மூச்சு வந்தது. உடனே கண் மூடி மறுபடி குறட்டை. மறுபடி மூச்சு நின்றது. பிள்ளைகள் அடுத்த ஆட்டத்துக்குத் தயாரானார்கள். நான் அவர்களை விரட்டிவிட்டு அக்காவை உலுக்கி எழுப்பினேன்.

டெய்லர் மாமாவிடம் சொன்னேன். "ராத்திரி பூரா அப்படித்தாம்மா, கனவுல யாரையோ திட்டுறான்னு நெனச்சேன்" என்றவர், சொல்லிமுடித்ததும் முகம் வெளுத்துப் போனார். கடையைப் பூட்டிவிட்டு அக்காவைத் திருச்சிக்கு, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போனார். துணைக்கு நானும் போனேன். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். உள்நாக்குக்கு இரண்டு பக்கமும் சதை வீங்கி ஒன்றையொன்று தொடுகிற மாதிரி இருந்ததாம். படுத்ததும் தொண்டை அடைத்து மூச்சு நிற்கிறது, மூளை பயந்துபோய் எழுப்பிவிடுகிறது, மூச்சு வந்ததும் மறுபடி கண் செருகுகிறது, எழுந்தது உங்களுக்கே தெரியாது என்று பொறுமையாக விளக்கினார். "ராத்திரி பூரா படுத்திருக்கீங்க. தூங்கலீங்கம்மா. காத்தும் இல்லாம, தூக்கமும் இல்லாம, மூளை எதைத்தான் ஞாபகம் வச்சுக்கும்?"

"அப்ப எம் மூளை கெட்டுப் போவலீங்களா?" என்றார் அக்கா. இல்லை என்று டாக்டர் தலையாட்டியதும் அங்கேயே ஓவென்று அழுது, அழுகை முடிவதற்குள் சிரித்துவிட்டார். அத்தனை நாள் அந்தப் பயத்தை எங்கே வைத்திருந்தாரோ.

சளி முழுக்கக் குணமான பிறகுதான் அந்தச் சதையை எடுக்க ஆபரேஷன் என்றார் டாக்டர். அதுவரை மல்லாந்து படுக்கக் கூடாது, ஒருக்களித்தே படுக்க வேண்டும். தூக்கத்தில் புரண்டால் என்ன செய்வது? அதற்கு மாமா கண்டுபிடித்ததுதான் முதுகில் பை வைத்த ரவிக்கை. மல்லாந்தால் பந்து முதுகில் உறுத்தும், தானாகத் திரும்பிப் படுத்துவிடுவார். ஆறு ரவிக்கைகள் தைத்தார். கட்டின பெண்டாட்டிக்கு என்பதால் ஒவ்வொரு மூடியிலும் பூவேலைப்பாடு வேறு. முதல் இரவு அக்கா அந்தப் பந்தைத் திட்டிய திட்டு தனிக்கதை. ஆனால் பத்துப் பதினைந்து நாளில் தலைவலி விட்டது. ஆபரேஷன் முடிந்து, கஞ்சி குடித்து, குரல் திரும்பி அவர் வேலைக்கு வந்த அன்று ஊரில் ஒரு பஸ் கவிழ்ந்ததாக வதந்தி. தகடுகள் சடசடவென்று விழுந்தன. சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பஸ்ஸுக்கு ஒண்ணும் ஆவலீங்க, டயருதான் வெடிச்சிருக்கு, உங்க தம்பி டீக்கடையில நிக்கிறாரு" என்று ஒவ்வொருவருக்கும் சொல்லியபடி, இரண்டு கையாலும் சொருகித் தள்ளினார். சூப்பர்வைசர் மெதுவாக, "எனக்கு ஒரு டீ சொல்லுங்கம்மா, டீக்கடைக்கு லைன் இருக்கா?" என்றார்.

ஒரு ரவிக்கையை அக்கா எனக்குக் கொடுத்தார். "வச்சுக்கடி, உனக்கும் ஒருநாள் ஆவும்" என்று கண்ணடித்தார். அப்போது நான் ஒல்லி, கோபம் வந்தது.

அக்காவின் வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது. இப்போது எனக்குப் பேரன் பேத்திகள், நல்ல உடம்பு, அதைவிட நல்ல குறட்டை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறக்கிறேன், பேசும்போதே சொல் தொலைகிறது. மகள் டாக்டரிடம் இழுத்துப் போனாள். ஒரு ராத்திரி உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்க வைத்துப் பார்த்துவிட்டு, எனக்கும் தூக்கத்தில் மூச்சு நிற்கிறது என்று சொல்லி, காற்றடிக்கும் மெஷின் ஒன்றைக் கொடுத்தார்கள். மூக்கில் மாஸ்க், தலையைச் சுற்றிப் பட்டை, ஒரு குழாய். ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்டபோது கண்ணாடியில் பார்த்தால் ஹெட்செட் மாட்டிய ஆபரேட்டரேதான். மூளையை உறிஞ்சும் என்று நாங்கள் பயந்த சாமான் மூளையைக் காப்பாற்ற வந்திருக்கிறது. ஆனாலும் வீட்டில் தனியாக மாட்டத் தைரியம் வரவில்லை. பகலிலேயே மாட்டிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்து, ஜெயங்கொண்டத்தில் மகனோடு இருக்கும் அக்காவுக்கு செல்போன் போட்டேன். மாமாவுக்குக் கண் மங்கிவிட்டது, ஊசியில் நூல் கோக்க இன்னும் அக்காவைத்தான் கூப்பிடுகிறாராம். அக்கா என் குரலைக் கேட்டதும், நான் கேட்காமலேயே, பழைய டாக்டர் வீட்டு எண்ணைச் சொல்லிக் காட்டினார்.

"பயமா இருக்குக்கா" என்றேன். "கண்ண மூடுனா மூஞ்சியில காத்து அடிச்சுக்கிட்டே இருக்கு, மூச்சு முட்டுது. புள்ளைங்க பேரெல்லாம் மறந்து போயிடுமோன்னு வேற..."

பெட்டியிலிருந்து எடுத்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருந்த ரவிக்கையின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"மாட்டிக்கிட்டுப் படுடி. செத்த நேரம் தூங்கு" என்றார் அக்கா. "போர்டை நான் பாத்துக்குறேன்."