கப்பி நாற்காலிக்கு வரிசை

அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் பெருங்கொடை திரட்டுவது என் வேலை. பெரிய தொகை தரக்கூடியவர்களைத் தேடிப் பிடித்து, பழகி, அழைத்துவந்து சுற்றிக்காட்டி, நேரம் பார்த்துக் கேட்க வேண்டும். மர்பி டவுனில் எங்கள் வீட்டில் இதை விளங்கவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. "ஐடி கார்டு மாட்டிக்கினு காசு கேக்கற வேலையா?" என்று அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்கும் தெரியவில்லை.

இந்த வேலை எனக்குப் பிடிக்கும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்பப் பிடிக்கும். ஒருவர் சரி என்று சொல்வதற்கு முந்தைய நொடி இருக்கிறதே, அதற்காக சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் உட்காருவேன்.

தொழிலில் சில விஷயங்கள் சீக்கிரமே பிடிபட்டன. கொடையாளர் "நல்லா இருக்கு" என்றால் தரமாட்டார் என்று பொருள். "ரொம்ப நல்லா இருக்கு" என்றால் நிச்சயமாகத் தரமாட்டார். கேள்விமேல் கேள்வி கேட்டுக் குடைகிறவர்தான் தருவார். அப்புறம், தொகையைக் கேட்டு முடித்ததும் நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பதில் வரும்வரை மூச். நாம் முதலில் பேசினால், பதற்றத்தில் நாமே பாதியாகக் குறைத்துவிடுவோம். வாய் ஓயாத எனக்கு இது பெரிய தண்டனை.

எங்கள் கீழ்த்தளத்தில் இயந்திரக் கூடம் இருக்கிறது. நெம்புகோல், பற்சக்கரம், கப்பி என்று எல்லாம் தொட்டும் இழுத்தும் பார்க்க வேண்டியவை. அதில் ராஜா, கயிற்றில் தொங்கும் கப்பி நாற்காலி. அதில் உட்கார்ந்து நம் கையாலேயே கயிற்றை இழுத்தால் நாமே மேலே போவோம். மேலே கப்பிகள் பல இருப்பதால் எத்தனை கனமான ஆளும் தன்னைத்தானே தூக்கிக்கொள்ளலாம். குழந்தைகள் அதற்கு எப்போதும் வரிசையில் நிற்பார்கள்.

ஆனால் கூடம் கிழடாகிவிட்டது. பாதிப் பற்சக்கரங்களில் 'பழுது' அட்டை தொங்கியது. புதுப்பிக்கப் பணம் தர ஆள் கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டு முதல் கூடத்தைக் காலிசெய்து, கம்பெனி விழாக்களுக்கு வாடகைக்கு விடுவதென்று நிர்வாகக் குழு முடிவெடுத்தது. அதைக் கேட்ட அன்று எதிரே வந்தவர்கள்மேல் எல்லாம் எரிந்து விழுந்தேன். கப்பி நாற்காலி தொங்கிய இடத்தில் பஃபே மேசையா? விடமாட்டேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் அவரைக் கண்டுபிடித்தேன். சேலத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும், கனத்த உடம்பு. பீன்யா தொழிற்பேட்டையில் லிஃப்ட் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். லிஃப்ட்டுக்கும் கப்பிக்கும் இதைவிட வேறென்ன பொருத்தம் வேண்டும்? வருகிறேன் என்று அவர் போனில் சொன்னதும் அலுவலக நடையிலேயே ஒரு சுற்று ஆடிவிட்டேன்.

பெரிய மனிதர் யாராவது வந்தால் கூடத்தைச் சாத்திவிடுவது எங்கள் வழக்கம். தரையைத் துடைத்து, விளக்குகளையெல்லாம் போட்டு, பூங்கொத்தோடு காத்திருப்போம். பள்ளிக் குழந்தைகளை வெளியே நிறுத்திவிடுவோம். கொடையாளர் நிம்மதியாகப் பார்க்கட்டும் என்று எண்ணம்.

அவரும் நிம்மதியாகத்தான் பார்த்தார். எங்கள் இயக்குநர் ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டே போக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். எங்கள் செருப்புச் சத்தம் எங்களுக்கே கேட்டது. அவர் எதையும் தொடவில்லை. கப்பி நாற்காலியருகில் ஒரு கணம் நின்று, "நல்லா இருக்கு" என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

போச்சு. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஆனேக்கல்லிலிருந்து வந்திருந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மூக்கை அழுத்திக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காரியம் கெடுகிறதென்றால் எனக்குக் கைகட்டி நிற்கத் தெரியாது. யாரையும் கேட்காமல் போய்த் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டேன். இயக்குநர் பார்த்த பார்வையில் அன்றே எனக்குச் சீட்டுக் கிழிந்திருக்க வேண்டும்.

அணை உடைந்த மாதிரி வந்தார்கள். கூடம் முழுக்கச் சத்தம். என்ன நினைத்தாரோ, சேலத்துக்காரரும் அப்போதுதான் கப்பி நாற்காலியைத் தொடக் கை நீட்டினார். அதற்குள் அங்கே வரிசை முளைத்துவிட்டது. முன்னால் நின்ற சிறுமி கன்னடத்தில் ஏதோ சொல்ல ஆரம்பித்தவள், நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு மாற்றிக்கொண்டு சொன்னாள்.

"அங்கிள், லைன்ல வாங்க."

இயக்குநரின் முகம் வெளுத்துவிட்டது. சேலத்துக்காரரோ சிறுமியைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், பேசாமல் கடைசியில் போய் நின்றுகொண்டார். கைப்பேசி அடித்தது. அணைத்துப் பையில் போட்டார்.

அவர் முறை வந்தது. உட்கார்ந்து இழுத்தார். நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. "அட," என்றார். மேலே போனவர் அங்கிருந்தே கேட்கத் தொடங்கினார். கப்பியில் என்ன பேரிங் போட்டிருக்கிறீர்கள், கயிற்றை யார் சோதிக்கிறார்கள், அங்கே பற்சக்கரம் ஏன் ஓடவில்லை? கேள்விமேல் கேள்வி. எனக்குக் காது சூடாகிவிட்டது.

மதிய உணவுக்குப் பிறகு, இயக்குநர் அறையில், காபியோடு கேட்பதாகத்தான் திட்டம். யாரால் காத்திருக்க முடியும்? அண்ணாந்து பார்த்தபடியே, கூடம் முழுவதையும் புதுப்பித்துத் தர வேண்டும் என்று முழுத் தொகையையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டேன். பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

அவர் கயிற்றைப் பிடித்தபடி தொங்கிக்கொண்டிருந்தார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பின்னால் இயக்குநர் தொண்டையைச் செருமினார். பாதி தந்தாலும் போதும் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில், திரும்பாமலே கையை உயர்த்தி அவரைத் தடுத்தேன். என் மேலதிகாரியை.

நாற்காலி மெல்ல இறங்கியது. கால் தரையில் பட்டதும் அவர் என்னிடம் கேட்டார்.

"கதவை ஏன் சாத்தி வெச்சிருந்தீங்க?"

"உங்களுக்காகத்தான் சார்."

"இனிமே எனக்காகக்கூடச் சாத்தாதீங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

நன்றி என்று சொன்னேனா என்பதே நினைவில்லை. பெரிய பற்சக்கரத்துக்குப் பின்னால் போய் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு குதித்தது மட்டும் நினைவிருக்கிறது. ஒரு பையன் பார்த்துவிட்டு அவனும் குதித்தான்.

பள்ளி நேரத்தில் எவருக்காகவும் கூடத்தைச் சாத்தக் கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதவைத்தார் அவர். அதனால் திறப்பு விழாவில் எங்களுக்கு ஒரு சிக்கல். வாசலில் ரிப்பன் கட்டினால் வழி அடைபடும். ரிப்பனே இல்லாமல் விழா நடந்தது. பிள்ளைகள் எங்களுக்கு முன்பே உள்ளே இருந்தார்கள். பழுது அட்டை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

நான் வற்புறுத்தியதில் அம்மாவும் வந்திருந்தாள். கொடையாளர் குடும்பத்தோடு வந்தவர், மனைவிக்குக் காட்டும் ஆசையில் நேராகக் கப்பி நாற்காலிக்குப் போனார். இயக்குநர் பிள்ளைகளை ஒதுங்கச் சொல்லிக் கைகாட்டினார். எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ.

"சார், லைன்ல வாங்க," என்றேன்.

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். கொடையாளர் வாய்விட்டுச் சிரித்தார். மனைவியையும் இழுத்துக்கொண்டு கடைசிக்குப் போனார். அவருக்குப் பின்னால் நானும் நின்றேன். எத்தனையோ பேரை அந்த நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறேன். நான் உட்கார்ந்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

என் முறை வந்ததும் இழுத்தேன். புதுக் கயிறு உள்ளங்கையில் சொரசொரத்தது. கால் தரையை விட்டது. என் கூடம், இந்தக் கூச்சல், எல்லாம் எனக்குக் கீழே. இறங்கவே மனமில்லை.

வரிசையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"சீக்கிரம் எறங்குடி. அடுத்தது நானு."