நாற்பத்தேழாம் பக்கத்தில் விடுபட்ட வரி

நாகல் நகரில் ஆய்வேடு தட்டச்சு செய்யும் கடைகள் நான்கு. ஆனாலும் கெடு நெருங்கினால் எல்லோரும் நாகஜோதியிடம்தான் ஓடிவருவார்கள். டைப்ரைட்டிங் ஹையர் சான்றிதழோடு வடமதுரையிலிருந்து வந்தவர். பத்தொன்பது வருடங்களாக இதே வேலை. "ஜோதியக்கா அடிச்சா திருத்தவே வேணாம்" என்பது ஊர்ப்பேச்சு. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இளஞ்செழியனின் ஆய்வேடு பழங்குடிப் பெண்களின் வரலாறு பற்றியது. வெள்ளிக்கிழமை சமர்ப்பிக்க வேண்டும். புதன்கிழமை ஐந்தாம் இயலில் ஒரு வாக்கியத்தில் நாகஜோதியின் விரல் நின்றது. 'காட்டில் எங்கே தங்குவது என்பதைப் பளியர் பெண்கள் தீர்மானிப்பதில்லை என்று ஆண்கள் கூறினர்.' அடிக்குறிப்பில் கண்ணுசாமி என்பவரின் பழைய நூல், பக்கம் 47. இதே வரியை ஏற்கெனவே இருவருக்கு அடித்த நினைவு.

"தம்பி, இந்தப் புத்தகத்தப் பாத்தியா?"

"எங்கக்கா கெடைக்குது? மோகன்குமார் சார் தீசிஸ்ல எடுத்தேன். அவரு புவனேஸ்வரி மேடம் தீசிஸ்ல எடுத்தாரு. இம்புட்டுப் பேர் போட்டா சரியாத்தான இருக்கும்?"

"கன்னிவாடிப் பக்கம் போயி பளியர் பொம்பளைககிட்ட பேசுனியே, அவக ஒண்ணும் சொல்லலையா?"

"சிவனம்மாள்னு ஒருத்தங்க சிரிச்சாங்க. 'நாங்க காட்டுற எடத்துலதான் ஆம்பளைக அடுப்பே மூட்டுவாக'ன்னாங்க. அதுக்காக அச்சுல வந்தத மறுக்க முடியுமாக்கா?"

மறுநாள் காலை கல்லூரி நூலகத்தில் அந்த நூலைத் தேடி எடுத்தார் நாகஜோதி. நாற்பத்தேழாம் பக்கத்தில் அந்த வரி இருந்தது. அடுத்த வரியும் இருந்தது: 'இடம் பார்ப்பதும் கிளம்பும் நாளைச் சொல்வதும் தாங்களே என்று பெண்கள் கூறினர்.'

கடைக்குத் திரும்பி பீரோவைத் திறந்தார். புவனேஸ்வரியின் ஆய்வேடுதான் அவர் அடித்த முதல் ஆய்வேடு. அதன் கையெழுத்துப் பிரதி பழைய கட்டுகளுக்குள் கிடந்தது. இரண்டு வரிகளும் பிசகாமல் எழுதப்பட்டிருந்தன. இரண்டும் 'கூறினர்' என்றே முடிந்தன. முதல் 'கூறினர்' வரை அடித்துவிட்டுக் கையெழுத்துப் பிரதிக்குத் திரும்பிய அவர் கண், இரண்டாவது 'கூறினர்' மேல் போய் விழுந்திருக்கிறது. பெண்கள் சொன்னது அங்கேயே அறுந்துபோயிருந்தது.

நாகஜோதி இளஞ்செழியனைக் கடைக்கு வரச் சொன்னார்.

விஷயத்தைக் கேட்ட இளஞ்செழியன் குரலைத் தாழ்த்தினான். "வெளிய தெரிஞ்சா உங்க கடைக்குத்தான்க்கா கெட்ட பேரு. சத்தமில்லாம திருத்திருவோம்."

"உன்னோடது திருந்தும். லைப்ரரில இருக்குற பழைய தீசிஸ நாளைக்கு இன்னொருத்தன் எடுப்பானே?"

அவனிடம் சம்மதம் வாங்கி, விடுபட்ட வரியை அவன் ஆய்வேட்டில் சேர்த்து, அடிக்குறிப்பைத் தானே அடித்தார்: 'இரண்டாவது வரி, புவனேஸ்வரியின் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்தபோது விடுபட்டது. பிழை தட்டச்சாளர் நாகஜோதியுடையது.' தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார். பிறகு புவனேஸ்வரிக்குப் போன் போட்டார்.

"மேடம், உங்க தீசிஸ்ல ஒரு வரிய நான் முழுங்கிட்டேன்."

எல்லாவற்றையும் கேட்ட புவனேஸ்வரி ஒன்றுதான் கேட்டார்.

"எத்தன பேரு எடுத்துப் போட்டிருக்காங்க, ஜோதி?"

"எனக்குத் தெரிஞ்சு மோகன்குமார் சாரும் இந்தத் தம்பியும், ரெண்டு பேரு. தெரியாம எம்புட்டுப் பேரோ, மேடம்."