‘மதிப்பிற்குரிய ஆண்டனி’ என்று எழுதிவிட்டேன்!

உங்களிடம் ஒரு பஞ்சாயத்து. ஒருவனைத் திட்டாமல் விட்டது குற்றமா?

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நீங்களே கேட்டுச் சொல்லுங்கள்.

தூத்துக்குடி துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கும் கிரேன்களைப் பழுது பார்க்கிற டீம் எங்களுடையது. நான் இன்ஜினியர். ஆண்டனி டெக்னீஷியன், மணப்பாட்டுக்காரன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒன்றாகவே இருக்கிறோம். எங்கள் ஊர் உரிமைப் பேச்சில் அவனுக்கு நான் ‘ஏளா’, எனக்கு அவன் ‘ஏலே’.

போன வாரம் ஷிப்ட் முடித்துக் கிளம்பியவன், ஒரு கிரேனில் சென்சார் மக்கர் பண்ணுவதை அடுத்த ஷிப்ட்டிடம் சொல்லாமல் போய்விட்டான். காலையில் கிரேன் நின்றது. கப்பல் காத்துக்கிடந்தது. வாங்கிக் கட்டிக்கொண்டது யார்? நான்!

ஆத்திரத்தில் டைப் செய்தேன்: “ஏலே சவத்து மூதி, சொல்லிட்டுப் போவதுக்கு என்ன, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?”

அனுப்பப் போகும்போதுதான் ஆபீஸ் ட்ரெய்னிங் ஞாபகம் வந்தது. சென்னையிலிருந்து டை கட்டிக்கொண்டு வந்தவர் சொன்னாரே... “கோபமா எழுதினா ஏஐகிட்ட கொடுங்க, பக்குவமா மாத்தித் தரும்!”

கொடுத்தேன். தந்தது.

“மதிப்பிற்குரிய ஆண்டனி, உங்கள் அர்ப்பணிப்பைப் பெரிதும் மதிக்கிறோம். தகவல் பரிமாற்றத்தை மேலும் மேம்படுத்த வாய்ப்புகள் உள்ளன...”

அடடா, நானா இது? என் மேல் எனக்கே மரியாதை வந்துவிட்டது. அனுப்பிவிட்டேன்.

பதில் வந்தது. “மதிப்பிற்குரிய மேடம், தங்களின் மேலான கருத்துக்கு நன்றி.”

மேடமா? எப்போதிருந்து? இது கோபமா, கிண்டலா... இல்லை, அவனும் அதே ஏஐயிடம்தான் போனானா? தினமும் சேர்ந்து குடிக்கும் டீக்கும் அவன் வரவில்லை.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். “ஆண்டனி வேற டீமுக்கு மாத்தச் சொல்லுதான். உங்களுக்குள்ள என்ன?”

அவன் இல்லாத டீமா? ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினேன். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நிமிரவே இல்லை.

“ஏலே, ஒனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு? எதுக்கு மாத்தச் சொல்லுத?”

“நீங்கதான மேடம் என்னய அனுப்பப் பாக்கீங்க? இத்தன வருசமா திட்டுனீங்க, ஒரு நாளும் மனசு நோகல. திடீர்னு ‘மதிப்பிற்குரிய’ன்னா என்ன அர்த்தம்? ‘நீ யாரோ, நான் யாரோ’ன்னுதான? அந்த மெசேஜக் காட்டி, நீங்க கோவமா இருக்கீங்களான்னு ஏஐகிட்டயே கேட்டேன். ‘இல்லை, உங்களைப் பாராட்டுகிறார்’னு சொல்லிச்சு. அப்பத்தான் பயந்தே போயிட்டேன்!”

போனை நீட்டினேன். ஏஐயிடம் நான் கொடுத்த அசல் மெசேஜ் — சவத்து மூதி, கொழுக்கட்டை, எல்லாம் அப்படியே இருந்தது. படித்தான். மறுபடியும் படித்தான். முகமெல்லாம் சிரிப்பு.

“இத அனுப்பியிருக்கலாம்லா, ஏளா! தப்பு எம்மேலதான். வா, டீ குடிப்போம்.”

அந்த ‘ஏளா’வைக் கேட்டதும்தான் எனக்கு உயிரே வந்தது.

அப்படியானால் மரியாதையாக எழுதுவது தப்பா? அதுவும் இல்லையே! டீமில் புதிதாகச் சேர்ந்த பெண்ணை இப்படித் திட்டினால் அழுதுவிடுவாள். யாரிடம் எப்படிப் பேசுவது என்று ஏஐக்கு யார் சொல்லிக்கொடுப்பது? எனக்கே குழப்பமாக இருக்கிறது.

ஆண்டனி வேறு டீமுக்குப் போகவில்லை என்று மேனேஜருக்கு மெசேஜ் போட்டேன். எதற்கும் ‘ம்’ என்று மட்டுமே பதில் போடுகிற மனிதர் அவர். இந்த முறை, “மதிப்பிற்குரிய மேடம், உங்கள் பங்களிப்பைப் பெரிதும் மதிக்கிறோம்” என்று அனுப்பியிருக்கிறார்.

நான் வேறு டீமுக்கு மாற்றல் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்!