மங்கை டீச்சர் சவரக்கத்தி பிடித்த கதை

செய்தி வந்தபோது ஆரப்பாளையத்தில் வாடிப்பட்டி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். போனில் டீச்சரின் மகள் செல்வி. "சார், அம்மா போயிட்டாங்க" என்றாள். மீதியை மருமகன் போனை வாங்கிச் சொன்னார். காலையில் டீச்சர் நெஞ்சை அடைக்கிறது என்றிருக்கிறார். ஆட்டோ வாசலுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கிளம்பிய பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். தல்லாகுளம் போய்ச் சேரும் வரைக்கும் ஒரே ஒரு கேள்விதான் மனதில் ஓடியது. தங்கவேல் அண்ணன் என்ன செய்வார்?

வரலாற்று ஆசிரியை மங்கையர்க்கரசியை, நம் எல்லோருக்கும் மங்கை டீச்சரை, வகுப்பறையில் பார்த்தவர்களுக்கு அவருடைய இந்திய வரைபடம் மறந்திருக்காது. அவர் கைக்கு நேர்கோடு வராது. ஒருமுறை அவர் வரைந்து முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், இலங்கையைக் காணோம்" என்றாள். "அது அடுத்த பீரியடுல வரும், உக்காரு" என்றார். பக்கத்து வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்த எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "முதல்ல கோணலாத்தான் வரும். அதுக்காகச் சாக்பீஸக் கீழ வச்சிர முடியுமா?" என்பார். இந்தக் கையை நம்பித்தான் அவர் சவரக்கத்தி பிடித்தார். பள்ளியில் பலருக்கும் தெரியாத அந்தக் கதையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவருடைய கணவர் தங்கவேல் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வுபெற்றவர். நான் அடுத்த தெருவில் குடியிருந்ததால் எனக்கு அவர் அண்ணன். தினமும் காலையில் கொல்லைப்புறக் குழாயடியில் கண்ணாடியை மாட்டி, மடக்குக் கத்தியால் தானே சவரம் செய்துகொள்வார். சாதாரண ரேசர் பட்டால் கன்னமெல்லாம் கொப்புளம் கிளம்பிவிடும் என்பதால் இளம் வயதிலேயே அந்தக் கத்திக்கு மாறியவர். முகத்தில் ஒரு முடி மிஞ்சியிருந்தாலும் வெளியே போகமாட்டார்.

பக்கவாதம் வந்து அவருடைய வலது கை விழுந்துவிட்டது. பேச்சு குழறியது. வாயின் ஒரு பக்கம் தொங்கி எச்சில் வழிந்தது. தாடி வளர்ந்தது. வீட்டுக்கு முடிதிருத்துபவரை வரவழைத்தபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வேற்று ஆள் யாரும் தன் வாயைத் துடைப்பதை அவரால் தாங்க முடியவில்லை. டீச்சர் ரேசரை வைத்துப் பார்த்தார். பழையபடி கொப்புளம்தான் மிச்சம். பிறகு யார் வந்தாலும் உள் அறையை விட்டு வரமாட்டார். அந்த நேரத்தில்தான் செல்விக்குத் திருமணம் நிச்சயமானது. "இந்த மூஞ்சியோட மேடைக்கு வரமாட்டேன். நீயே தாரை வார்த்துக் குடு" என்று மனைவியிடம் குழறிக் குழறிச் சொல்லிவிட்டார்.

மறுநாள் டீச்சர் அலமாரியிலிருந்து அந்தக் கத்தியை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "எப்படிப் பிடிக்கணும்னு சொல்லுங்க."

ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனாருக்கு இது பிடிக்கவில்லை. "ஏன் மதினி, பொம்பள செய்யிற வேலையா இது? ஆள வரச் சொன்னா வரமாட்டானா?"

"ஆளு வருவாரு. உங்க அண்ணன் திரும்பமாட்டேங்கிறாரே."

அண்ணன் இடது கையால் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். சவரத்துக்கு முன்னால் கத்தியைத் தோல் வாரில் தீட்ட வேண்டும். அப்போது கத்தியின் முதுகு முன்னே போக வேண்டும், கூர் பின்னால் வர வேண்டும். டீச்சர் கூரை முன்னே விட்டு முதல் இழுப்பிலேயே வாரை அறுத்துவிட்டார். புது வார் வாங்கி வந்தோம். அதன் பிறகு பலூன். ஊதிய பலூனில் சோப்பு நுரையைத் தடவி, அது வெடிக்காமல் நுரையை மட்டும் வழிக்க வேண்டும். சில நாட்களுக்கு அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் தீபாவளி மாதிரி சத்தம் கேட்டது.

பலூன் வெடிப்பது நின்ற பிறகும் அவர் கணவரின் முகத்தைத் தொடவில்லை. ரத்தம் உறையாமலிருக்க அண்ணன் மாத்திரை சாப்பிட்டுவந்தார். சின்ன வெட்டு என்றாலும் லேசில் நிற்காது, கவனம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "ஒரு நெச மூஞ்சி வேணுமே சார்" என்று டீச்சர் ஸ்டாஃப் ரூமில் மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு என் தாடையையே பார்த்தார். எனக்கு அன்று என்ன தைரியம் வந்ததோ, சரி என்றுவிட்டேன். வீட்டில் சொன்னபோது என் மனைவி, "தலைய மட்டும் திருப்பிக் கொண்டாந்துருங்க" என்றாள்.

நாற்காலியில் உட்கார்ந்து கண்களை இறுக மூடிக்கொண்டேன். "என்ன சார் இம்புட்டுப் பயம்? நானே பயப்படாம இருக்கேன்" என்றார். கன்னத்துத் தோலை இழுத்துப் பிடித்தார். கத்தி சாய்வாக இறங்கியது. நுரையை வழிக்கும் சத்தம் காதுக்குள் கேட்டது. ஒரு கன்னம் தப்பியது. தாடையின் வளைவில் சுருக்கென்றது. படிகாரக் கல்லைத் தேடி டீச்சர் ஓட, கட்டிலில் இருந்து ஒரு சத்தம் வந்தது. கண்ணைத் திறந்து பார்த்தேன். அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். படுக்கையில் விழுந்த பிறகு அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றுதான். கோணிய வாயில் சிரிப்பு நிற்காமல், "அழுத்... தாத... மங்க. கத்தி கனமே... போதும்" என்றார். ரத்தம் வழிய வழிய நானும் சிரித்தேன். டீச்சர் மட்டும் படிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்.

அதன் பிறகு பல நாள் என் முகம்தான் அவருக்குக் கரும்பலகை. ஒருவழியாகக் கை படிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குச் சவரம் செய்ய உட்கார்ந்தார். வலது கன்னத்தை மட்டும் வழித்து முடித்தார். "இன்னைக்கு இம்புட்டுத்தான். மிச்சம் நாளைக்கு" என்று கத்தியை மடக்கிவிட்டார். பாதித் தாடியோடு அண்ணன் கண்ணாடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தச் சமயம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். நான் உள் அறைக் கதவைச் சாத்தப் போனேன். அண்ணனோ முன்னறைக்கே கூட்டிப்போகச் சொல்லி, அவர்கள் எதிரில் உட்கார்ந்து, "வேலை... நடக்குது. நாளைக்கு வந்தா... முழுசாப் பாக்கலாம்" என்றார். சம்பந்தி விழுந்து விழுந்து சிரித்தார். ஒளிந்தே கிடந்த மனிதர் பாதி முகத்தோடு வெளியே வந்துவிட்டார்.

திருமணத்தில் அவர் தாரை வார்த்தபோது முகம் பளபளவென்று இருந்தது. காதுக்குக் கீழே மட்டும் ஒரு சின்ன பிளாஸ்திரி. கேட்டவர்களிடமெல்லாம், கேட்காதவர்களிடமும், "என் வீட்டுக்காரி... கைவேலை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து போன மாதம் வரை டீச்சர் ஒரு காலையும் தவறவிட்டதில்லை. ஒருமுறை இதைப் பெரிய தியாகம் என்று சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "தியாகம் கியாகம்னு சொல்லாதீங்க சார். பேச்சு வந்ததுல இருந்து ஓயாம பேசுறாரு. கத்தி வைக்கிற நேரந்தான் வாயை மூடுறாரு. எனக்கு அதுதான் நிம்மதி." உள்ளேயிருந்து அண்ணன் ஏதோ சொல்ல, டீச்சர், "பாத்தீங்களா" என்றார்.

கருமாதி முடிந்த மறுநாள் போயிருந்தேன். அண்ணன் தாடியோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வாத்தியாரே, நீ... செய்யி" என்றார். எனக்குக் கத்தி பிடித்துப் பழக்கமில்லை. அவருக்கும் அது தெரியும். வரைபடத்தைக் கோணலாக வரைந்துவிட்டு வகுப்பின் முன்னால் கூச்சமில்லாமல் நின்ற டீச்சரை நினைத்துக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டேன்.

தாடி இளகுவதற்காகச் செல்வி வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கொடுத்தாள். அப்படியே அண்ணன் முகத்தில் போடப் போனேன். "சார், இருங்க" என்று தடுத்தாள். "அம்மா முதல்ல அவங்க கன்னத்துல வச்சுப் பாப்பாங்க. சூடு சரியா இருந்தாத்தான் அப்பாவுக்கு."

அந்த நாற்காலியில் உட்கார்ந்து நானும் எத்தனையோ முறை இந்தத் துண்டை முகத்தில் வாங்கியிருக்கிறேன். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டே இருந்ததால் இதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இப்போது செல்வியும் நானும் முறை வைத்துச் செய்கிறோம். என் கோடுகள் இன்னும் நேராகவில்லை. ஆனால் மங்கை டீச்சரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. துண்டைப் பிழிந்ததும் முதலில் என் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறேன்.