ஏதென்ஸிலிருந்து நேரே ஒரு கப்பல்

என் மனைவி கேட்டது ஒரு தீவு. நான் அவளுக்கு ஐந்து தீவுகளைக் காட்டினேன். ஆக்லாந்தில் எங்களைத் தெரிந்தவர்கள், “உம்மட மனிசி குடுத்துவைச்சவ” என்றார்கள். நான் மறுக்கவில்லை.

அவளுடைய அக்கா பாரிஸில் இருந்தார். ஊரில் யுத்தம் தொடங்கி ஆளுக்கொரு திசையாகச் சிதறிய பிறகு சகோதரிகள் இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. நேரே பாரிஸுக்கே போயிருக்கலாம். குறுக்கே நின்றவன் நான். அக்கா மகளின் கல்யாணத்துக்கு எங்களுக்குக் கார்டு தபாலில் வந்தது. ஆனால் என் சகலன் தொலைபேசி எடுத்து என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் ஆட்களிடம் கார்டு ஒப்புக்குத்தான். வாயால் சொன்னால்தான் அழைப்பு. அவன் வாசலை இனி மிதிக்கமாட்டேன் என்றேன். மனைவியையும் கல்யாணத்துக்குப் போகவிடவில்லை.

அவள்தான் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். “அக்கா ஆகஸ்டில கிரீட் தீவுக்குத் தனிய வாறாவாம். ஒரு கிழமை லீவாம். நாங்களும் அங்க போவம். ஆற்றையும் வாசலை நீங்கள் மிதிக்கத் தேவையில்லைத்தானே?”

சரி, பயணத்தை நான்தான் ஒழுங்கு செய்வேன் என்றேன். ஊரில் நான் நில அளவையாளன். இங்கே ஆக்லாந்தின் விரி என்ற பகுதியில் ஒரு பண்டகசாலையில் லொறிகளுக்கு ரூட் போடுவது என் வேலை. எந்தக் கடைக்கு எது முதலில், எது கடைசி என்று ஒரு வரைபடத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவேன்.

சாப்பாட்டு மேசையில் அட்லஸை விரித்தேன். கிரேக்கத்துக் கப்பல் நேரங்களை டிராவல் ஏஜென்ட் பெண் ஃபேக்ஸில் வரவழைத்துக் கொடுத்திருந்தாள். முதல் பார்வையிலேயே விடை தெரிந்துவிட்டது. ஏதென்ஸ் துறைமுகத்திலிருந்து கிரீட்டுக்கு ஒவ்வொரு மாலையும் பெரிய கப்பல் ஒன்று நேரே போகிறது. மறுநாள் விடிய இறங்கலாம். அதில் ஏறியிருந்தால் அக்காவோடு அந்தக் கிழமை ஏழு நாளும் முழுதாக இருந்திருக்கலாம்.

அந்தக் கப்பலைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. சிரோஸ், பாரோஸ், நக்ஸோஸ், சாண்டோரினி என்று சின்னச் சின்னக் கப்பல்களாகக் கோத்து, கிரீட்டைக் கடைசியில் வைத்தேன்.

“அக்காவோட ரெண்டு நாள்தானா?”

“கப்பல் அப்பிடித்தான் ஓடுது. நான் என்ன செய்ய?”

ஒரு கிழமை சேர்ந்திருந்தால் இருவரும் கதைத்து, அழுது, கடைசியில் என்னைக் கையில் பிடித்துச் சகலன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தேன். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இருக்கவில்லை.

ஏஜென்ட் பெண் தமிழ்நாட்டுக்காரி. நான் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துச் சிரித்தாள். “அங்கிள், இது ஹாலிடேயா, டெலிவரி ரவுண்டா? ஆகஸ்ட்ல அங்க வடக்குக் காத்து அடிச்சா கப்பலையெல்லாம் நிறுத்திடுவாங்க. கிரீட்டுக்கு முன்னாடி ரெண்டு நாள் சும்மா விடுங்களேன்.”

“தேவையில்லை, பிள்ளை. இதில நான் பழம் திண்டு கொட்டை போட்டவன்.”

தீவுகள் அழகாகத்தான் இருந்தன. மனைவி அவற்றை அதிகம் பார்க்கவில்லை. ஒவ்வொரு துறைமுகத்திலும் இறங்கியதும், “கிரீட் எந்தப் பக்கம்?” என்று கேட்பாள். நான் தெற்கே கை காட்டுவேன். சூட்கேசின் மேல் உட்கார்ந்து அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள்.

சாண்டோரினியில் காற்று பிடித்துக்கொண்டது. கடல் முழுக்க வெள்ளையாக நுரைத்தது. டிக்கெட் கந்தோரில் இருந்தவன் இன்று கப்பல் இல்லை, நாளையும் சந்தேகம் என்றான். அதைக் கேட்டபோது எனக்குள் ஒரு நிம்மதி பரவியது. அதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. மனைவிக்குத் தெரியவேண்டும் என்பதற்காக உச்சுக்கொட்டினேன். அவனிடம் திரும்பத் திரும்ப விசாரித்தேன்.

அவள் கார்ட் போனில் அக்காவின் விடுதிக்கு எடுத்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

“அக்கா, கடல் சரியில்லையாம்… ஓம்… நாளைக்கும் நிச்சயமில்லையாம்… புட்டு அவிக்க மாவும் கொண்டுவந்தனியே? எடி விசரி, அதை ஆர் தின்னுறது இப்ப?” சிரித்தாள். பிறகு குரல் தாழ்ந்தது. “சீ, அவரைப் பேசாதை. அவர் பாவம், என்ன செய்வார்? காத்தை அவர் பிடிச்சு நிப்பாட்டேலுமே?”

அதற்குப் பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டு மட்டும் நின்றாள். போனை வைத்ததும் என்னைப் பார்த்தாள்.

“ஏதென்ஸிலயிருந்து ஒவ்வொரு நாளும் விடிய நேரே ஒரு கப்பல் வருதாம். அக்கா துறைமுகத்தில போய் நிண்டு பாக்கிறவவாம். உங்களுக்குத் தெரியாதே?”

“அப்பிடி ஒண்டு இருக்கெண்டு எனக்குத் தெரியேல்லை.”

ரூட் போட்டுப் பிழைக்கிறவன் சொன்ன பதில் அது. அவள் தலையை ஆட்டினாள். பிறகு ஒருநாளும் அதைக் கேட்கவில்லை.

காற்று அடங்கியபோது அக்காவின் விமானம் போய்விட்டிருந்தது. அடுத்த ஆண்டே அவர் பாரிஸில் காலமானார். சகோதரிகளுக்குச் சந்திப்பு எழுதியிருக்கவில்லை என்று துக்கம் கேட்க வந்தவர்கள் பழியை விதியின்மேல் போட்டார்கள். நானும் ஓம் என்றேன்.

அந்தப் பயணத்தில், அக்கா விமானம் ஏறிய மறுநாள் நாங்கள் கிரீட்டில் இறங்கியிருந்தோம். அவர் தங்கிய அதே அறைதான் வேண்டும் என்று மனைவி விடுதிக்காரியிடம் கேட்டு வாங்கினாள். விடியும்போது பால்கனியில் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

“இஞ்சாருங்கோ, கப்பல் வருது. எழும்பி வந்து பாருங்கோ.”

எனக்குக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு, நித்திரை கொள்கிறவன்போலக் கிடந்தேன்.