அப்பாவின் நாளைத் தேடிக் கண்டிக்கு

அதிகாலை நான்கரைக்கு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினேன். கண்டிக்கு முந்நூற்றிருபது கிலோமீற்றர். பாதை பூட்டிக் கிடந்த வருடங்களில் எங்கள் ஊரிலிருந்து லண்டனுக்குப் போனவர்கள் உண்டு, கண்டிக்குப் போனவர்கள் குறைவு. போர்நிறுத்தம் வந்து பாதை திறந்ததும் எல்லோரும் சாமான் வாங்கத் தெற்கே ஓடினார்கள். நான் ஒரு நாளை விசாரிக்கப் போனேன்.

அப்பா இறந்த நாள். அவர் கண்டியில் அரசாங்க எழுதுவினைஞராக இருந்தார். மஹய்யாவையில் ஒரு குறுக்குத்தெருவில் குடியிருந்தோம். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கந்தோருக்குப் போனவர் திரும்பவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது. அம்மாவும் நானும் கைக்குழந்தைத் தம்பியும் அகதிகளாக வடக்கே வந்து சேர்ந்தோம். தெற்கில் அவருக்கு வேறு குடும்பம் இருக்கிறது என்று சொந்தக்காரர் சிலர் வாய் கூசாமல் கதை கட்டினார்கள். அம்மா பத்தொன்பது வருடமாகத் திவசம் செய்யவில்லை. "நாள் தெரியாமல் என்னெண்டு செய்யிறது?" என்பார். நாள் தெரியாததுதான் காரணமா, அந்தக் கதையும் ஒரு காரணமா என்று நான் கேட்டதில்லை.

முகமாலைச் சோதனைச்சாவடியிலும் ஓமந்தைச் சோதனைச்சாவடியிலும் இறங்கிப் பைகளைத் திறந்து காட்டினோம். பயணக் காரணம் கேட்ட இடத்தில் 'சிநேகிதியைப் பார்க்க' என்று எழுதினேன். பொய்யில்லை.

பிற்பகல் நான்கு மணிக்குக் கண்டி. மாத்தளைப் பக்கமிருந்து வருகிற பஸ் மஹய்யாவையைத் தாண்டித்தான் நகரத்துக்குள் போகும். அங்கேயே இறங்கும்படி சிநேகிதி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நான் பிறந்து வளர்ந்த இடம் எனக்குத் தெரியாமலா போகும் என்று மிதப்பாக இருந்தேன். கடைசியில் குட்ஸ் ஷெட் பஸ் நிலையத்தில் போய் இறங்கி, அறுபது ரூபாய் கொடுத்து முச்சக்கர வண்டியில் திரும்பி வந்தேன்.

"எங்க தெருவ மறந்துட்டு, என்னை மட்டும் ஞாபகம் வச்சிருக்கியா?" என்றாள் சிநேகிதி செல்வராணி. அந்நாளில் அடுத்த வீட்டுக்காரி, என் வயதுக்காரி. இப்போது வீட்டிலேயே தைக்கிறாள்.

"தெரு வடிவாய் ஞாபகம் இருக்கு. இப்ப இருக்கிறது அந்தத் தெரு இல்லை."

"பேச்சப் பாரு. அப்போ எங்களோட எங்க மாதிரியே 'வாங்க, போறோம்'னுதான பேசுவ. வீட்டுப் படி ஏறுனா மட்டும் யாழ்ப்பாணப் பேச்சு, 'ஓம், வாறன்'."

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தெருவை நடந்து பார்த்தோம். இருநூறு அடிதான், சின்ன வயதில் அது எவ்வளவோ நீளம். காலையில் ரொட்டி கொண்டுவரும் பாண்காரரின் சைக்கிள் நிற்கும் மூலையில் இப்போது தொலைபேசிக் கடை. குழாயடியில் வாளிகளின் வரிசைக்காக எங்கள் தாய்மார் போட்ட சண்டைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சிரித்தோம். எங்கள் வீடு நின்ற இடத்தில் மாடி வீடு எழும்பியிருந்தது.

"உங்க அப்பாவுக்குச் சிங்களம் தண்ணி பட்டபாடு," என்றாள் செல்வராணி. "கந்தோர்ல சிங்களவங்களே அவர்கிட்டதான் கடுதாசி எழுதக் கேப்பாங்களாம்."

எனக்கு அது செய்தி. வீட்டில் தமிழ் மட்டும்தான் என்பது அப்பாவின் சட்டம். அவர் சிங்களம் பேசி நான் கேட்டதே இல்லை.

"அன்னைக்கு ஒங்கள ஒளிச்சு வச்சது ரசாக் மாமாதான? அவருக்குத்தான் எதுவும் தெரிஞ்சிருக்கும்," என்றாள்.

பத்து மணிக்குத் தெல்தெனிய பஸ் ஏறினோம். பழைய தெல்தெனிய விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. புதிய ஊரில், மகள் வீட்டில், ரசாக் மாமா கதிரையில் சாய்ந்திருந்தார். எங்கள் எதிர்வரிசையில் குடைக்கடை வைத்திருந்தவர். என் முகத்தைப் பார்த்ததுமே, "கிளாக்கர்ட மகள்," என்றார். தேநீர் வந்தது. தெருவைப் பற்றிப் பேசினோம், குழாயடியையும் பாண்காரரையும் பற்றி. பிறகு நான் வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கலவரம் கண்டிக்கு வந்த செவ்வாய்க்கிழமை மகள். அந்தி மஃரிப் தொழுது முடிஞ்ச நேரம். ஒங்கட உம்மாவும் சின்னப் பிள்ளையும் பின்னால சாமான் அறையில. நான் முன்கதவுக்குக் கிட்ட. ஒருத்தன் கதவத் தட்டினான். 'முதலாளி, தொர அரின்ன' எண்டு சிங்களத்தில சென்னான். கதவத் தொறக்கச் சொல்றான். ஒங்கள இழுத்துட்டுப் போக வந்தீக்கிற ஆள் எண்டு நெனச்சேன். தொறக்கல்ல."

செல்வராணி என் கையைப் பிடித்தாள்.

"பக்கத்து வீட்டுச் சிங்கள நோனா ஜன்னலால பாத்தீக்கி. விடியத்தான் எனக்குச் சென்ன. தட்டினது ஒங்கட வாப்பா. ரோட்டில தமிழ் பேசினா ஆளத் தெரிஞ்சிரும் எண்டுதான் சிங்களத்தில கூப்பிட்டீக்கார். அதுக்குள்ள கூட்டம் வந்திட்டு. தெரு முடக்கிலயே முடிச்சிட்டாங்க. பொறகு லொறியில ஏத்திக்கிட்டுப் போனாங்களாம். விடிய ஒங்கள வேனில ஏத்தி அனுப்பக்குள்ள உம்மாவுக்குச் சொல்ல வாய் வரல்ல. ஒவ்வொரு மஃரிபுக்கும் அந்தச் சத்தம் கேக்குது மகள்."

எனக்கும் கேட்டது. பத்தொன்பது வருடமாகக் கலவரம் என்றாலே அந்த ஒரு குரல்தான் என் நினைவுக்கு வரும். மொழி விளங்காத, அவசரப்பட்ட, என்னை நடுங்க வைத்த குரல். என் வாழ்க்கையில் நான் மிகவும் வெறுத்த குரலும் அதுதான்.

"மாமா, நான் அந்த முன்னறையிலைதான் இருந்தனான். அலுமாரிக்குப் பின்னாலை. எனக்கும் அவரைத் தெரியேல்லை."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைலேஞ்சியால் முகத்தை மூடி அழுதார். நானும் அழுதேன். செல்வராணி எங்கள் இருவரின் தேநீரையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை ஆறு மணி பஸ்ஸில் கண்டியை விட்டேன். மஹய்யாவையில் இந்தமுறை ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தேன். குறுக்குத்தெருவின் வாய் வந்து போனது. கண்டியும் யாழ்ப்பாணமும் இரண்டும் என் ஊர்தான் என்று கேட்பவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். அன்றைக்கு இரண்டுமே சொந்தமாகத் தெரியவில்லை. வழி முழுக்க ஒரே யோசனை. அப்பா இறந்த நாளை மட்டும் அம்மாவிடம் சொல்லிவிட்டு மீதியை விழுங்கிவிடலாமா என்று ஓமந்தை வரைக்கும் நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் முகத்தைப் பார்த்து ஒன்றையும் மறைக்க முடியவில்லை. கதவு, குரல், தெரு முடக்கு, அலுமாரிக்குப் பின்னால் நான் இருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா அழுவார் என்று பயந்திருந்தேன். அவர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டு மெல்லச் சொன்னார்:

"அப்ப அந்த மனுசன் எங்களைத் தேடி வந்திருக்குது."