தண்ணீருக்குக் கேட்ட பெயர்

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு மார்கழி விடுமுறையில், நாயாற்றுக் கடற்கரையில் நடந்தது இது. அப்போது நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு குடியேற்றத் திட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கலியாணமாகவில்லை. யார் சொல்லையும் கேட்காதவள் என்று நன்றாகவே பெயர் எடுத்திருந்தேன்.

என்னோடு படிப்பித்த இருவர் எனக்கு நெருங்கிய தோழிகள். ஒருத்தி யாழ்ப்பாணத்துக்காரி, வாய் ஓயவே ஓயாது. மற்றவள் நாயாற்றுப் பெண். தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டாள். அந்த விடுமுறையை அவள் வீட்டில் கழிப்பதாகத் திட்டம். அவர்கள் முன்னால் போய்விட்டார்கள். நான் பிந்தித் தனியாக பஸ் ஏறி, முல்லைத்தீவில் இறங்கி, மிச்ச வழியை மாட்டுவண்டியில் நனைந்தபடி போய்ச் சேர்ந்தேன். தோழியின் அம்மா என் தலையைத் துவட்டிக்கொண்டே, "தனியவோ பிள்ளை வந்தனீங்கள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

முதல் சில நாட்கள் மழை விடவில்லை. இறால் பொரியலும் சீட்டாட்டமும் சிரிப்புமாகப் பொழுது போனது. பிறகு ஒரு காலை வானம் வெளித்தது. எனக்குக் கால் நிற்கவில்லை.

"உங்கட முகங்களைப் பாத்து அலுத்துப்போச்சு. நான் தனிய ஒருக்கா நடந்திட்டு வாறன்" என்றேன்.

"போயிட்டு வா. கடலும் உன்னைப் பாத்துக் கொஞ்சம் அலுக்கட்டும்" என்றாள் யாழ்ப்பாணத்துக்காரி.

மற்றவள், "மத்தியானத்துக்குள்ள வந்திடு" என்று மட்டும் சொன்னாள்.

நாயாற்றில் களப்பு என்னும் உப்புநீர் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் மேடு கிடக்கும். ஒரு பக்கம் அலை அடிக்கும், மறு பக்கம் களப்பு அசையாமல் நிற்கும். மழைத் தண்ணீரில் களப்பு விளிம்புவரை நிறைந்திருந்தது. ஆனாலும் மேடு காய்ந்து, வண்டில் போகும் அளவுக்கு அகலமாக இருந்தது. நான் பாட்டுப் பாடிக்கொண்டு அதைக் கடந்து அப்பால் போனேன்.

அப்பால் வாடிகள் இருந்தன. பருவத்துக்கு வந்து மீன் பிடிப்பவர்கள் தங்கும் ஓலைக் குடிசைகள். மழைக்காலம் வந்ததும் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். கவிழ்த்து வைத்த சட்டிகள் அப்படியே இருந்தன. கொடியில் யாரோ உடுத்த சாரம் ஒன்று மறந்துபோய்த் தொங்கியது. காகம்கூட இல்லை. ஒரு வாடிக்குள் சற்று நேரம் சாய்ந்தவள் அயர்ந்துவிட்டேன். யாரோ வாசலில் நின்று பார்ப்பது போல இருந்து விழித்தேன். யாரும் இல்லை. வெயில் சரிந்திருந்தது. எழுந்து வேகமாகத் திரும்பி நடந்தேன்.

மணல் மேட்டில் காலையில் நான் பதித்த காலடிகள் அப்படியே இருந்தன. அவற்றைப் பார்த்தபடியே வந்தேன். ஓரிடத்தில் அவை தண்ணீருக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தன. நிமிர்ந்து பார்த்தேன். காலையில் தண்ணீரே இல்லாத இடத்தில் களப்பு கடலை நோக்கிக் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கத்து மணலில் என் காலடிகள் மறுபடி தெரிந்தன. நான் தண்ணீருக்குள் இறங்கி நடந்து வந்ததைப் போல இருந்தது.

அலைச் சத்தத்துக்கு அடியில், உமியைக் கொட்டுவது போல இன்னொரு சத்தம் விடாமல் கேட்டது.

எதிர்க்கரையில் ஆண்கள் மண்வெட்டிகளோடு வரிசையாக நின்றார்கள். என் தோழிகள் இருவரும் அவர்களோடு நின்றார்கள். எனக்கு உயிர் வந்தது. "என்ன நடந்தது?" என்று கத்தினேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை. திரும்பவும் கத்தினேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓயாமல் பேசுகிறவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தெரிந்த முகங்கள் தெரியாத முகங்கள் ஆகிவிட்டதைப் போல ஒரு பயம் எனக்கு. அதற்கு மேல் கோபம். பிந்தி வந்ததற்கு எனக்குப் பாடம் படிப்பிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஆண்கள் கைகளைக் கீழே அமர்த்தி அமர்த்திக் காட்டினார்கள். அங்கேயே இரு என்று சொல்லியிருக்கிறார்கள். வா என்று கூப்பிடுகிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். தண்ணீர் முழங்கால் அளவுதான் இருக்கும் போலத் தெரிந்தது. செருப்பைக் கையில் எடுத்து, சேலையைத் தூக்கிச் செருகி, ஒரு காலை வைத்தேன். குதிகாலுக்கு அடியில் மணல் இளகி ஓடியது. மற்றக் காலையும் தூக்கினேன்.

அப்போது ஒரு குரல் கேட்டது. அந்தப் பேசாதவளின் குரல். ஒரு பெயரை உரக்கக் கூப்பிட்டாள். என் பெயர் இல்லை, அவளுடைய சொந்தப் பெயர். மறுபடியும், தொண்டை கிழிய, தன் பெயரையே கூப்பிட்டாள்.

தன்னைத் தானே கூப்பிடும் ஒருத்தியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தூக்கிய காலைப் பின்னுக்கு வைத்துக்கொண்டு அவளையே பார்த்தேன். என் முன்னால், கதவளவு மணல் ஒரு சத்தமும் இல்லாமல் சரிந்து இறங்கியது. கையிலிருந்து விழுந்த செருப்பு ஒரு சுற்றுச் சுற்றிக் கடலுக்குள் போனது. நான் விழுந்தெழும்பி வாடிப் பக்கம் ஓடினேன்.

களப்பின் உட்பக்கமாகச் சுற்றி ஒரு பெரியவர் தோணி கொண்டுவந்து என்னை ஏற்றினார். ஏதோ கேட்க வாயெடுத்தேன். அவர் உதட்டில் விரலை வைத்தார். வீடு போய்ச் சேர்ந்து விளக்கேற்றும்வரை ஒருவரும் பேசவில்லை.

பிறகுதான் நாயாற்றுத் தோழி சொன்னாள். வயல்களுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியதால் அன்று மத்தியானம் அவசரமாக மணல் மேட்டை வெட்டிவிட்டிருக்கிறார்கள். சின்ன வாய்க்காலாக வெட்டினால் போதும், மிச்சத்தைத் தண்ணீரே அறுத்துக்கொண்டு போகும். நான் அப்பால் இருப்பது வெட்டியவர்களுக்குத் தெரியாது. செய்தி கேட்டு இவள் ஓடி வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

"அப்ப ஏன் ஒருத்தரும் என்னைக் கூப்பிடேல்லை?"

"வெட்டின அண்டைக்கு அந்தத் தண்ணிக்குக் கேக்க ஆரையும் கூப்பிடக்கூடாது. ஆரைக் கூப்பிடுறமோ அந்த ஆளை அது கொண்டுபோயிடும். நில் எண்டு கத்தினாலும் உன்னைக் கூப்பிட்டதுதானே."

"என்னை நிப்பாட்ட உன்ர பேரையோ சொன்னனீ? பயமில்லையோ?"

"இருந்தது" என்றாள். அவ்வளவுதான்.

கேட்டுக்கொண்டிருந்த அவளுடைய அம்மா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தார். என்னை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. ஆனால் நாங்கள் புறப்படும்வரை மகளைக் கிணற்றடிக்குக்கூட விடவில்லை. தானே வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, வீட்டுக்குப் பின்னால் வைத்து, வளர்ந்த பிள்ளையைக் குளிப்பாட்டினார். அதைப் பார்த்து யாழ்ப்பாணத்துக்காரிகூடப் பகிடி விடவில்லை. நான் உள்ளே போயிருந்து அழுதேன்.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கலியாணம் செய்து, பிள்ளைகளோடு வவுனியாவில் நன்றாக இருக்கிறாள். தண்ணீருக்குக் காது உண்டா என்று கேட்டால், நான் விஞ்ஞானம் படிப்பித்தவள், இல்லை என்றுதான் சொல்வேன். அவள் உண்டு என்று முழுமனதாக நம்பினாள். நம்பிக்கொண்டே தன் பெயரைச் சொன்னாள். இன்றும் யாராவது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அது அவள் எனக்கு மிச்சம் பிடித்துத் தந்த பெயர் என்ற நினைப்போடுதான் திரும்பிப் பார்க்கிறேன்.